14×22 அடி அறை, 22 பிள்ளைகள், 35,000 ரூபாய்: எதை வாங்குவது, எதை நாமே செய்வது?

சிலேட்டுக்குச்சி கேட்கிறார்:

வணக்கம். பெங்களூரு அல்சூர் பக்கம் தரைத்தளத்தில் ஒரு சின்ன பாலர் பள்ளி. 3 வயது முடிந்தவர்கள் 10 பேர், 4 முடிந்தவர்கள் 12 பேர், எல்லோரும் ஒரே அறையில். ஆசிரியைகள் இரண்டு பேர். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், மீதி கன்னடமும் தெலுங்கும், இரண்டு மூன்று பேர் இந்தி.

ஜூனில் திறக்கும்போது ஒர்க் ஷீட்டைக் குறைத்துவிட்டு, கையால் தொட்டுச் செய்கிற பொருட்களுக்கு மாற வேண்டும். இப்போது இருப்பது ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடை நிறையக் கலவைப் பொம்மை. காலையில் கொட்டினால் பத்து நிமிடத்தில் எல்லாம் தரையில் பரவிக் கிடக்கும், யாரும் எதையும் வைத்து விளையாட மாட்டார்கள். கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. ஆயத்த 'கிட்' விற்பவர்கள் தினமும் போன் செய்கிறார்கள். அதை வாங்கலாமா, தனித்தனியாகச் சேர்க்கலாமா? மரக்கட்டை, விளையாட்டு மாவு, களிமண், தண்ணீர், எண் பழக்கும் பொருள் ஆகியவற்றுக்கு அளவும் எண்ணிக்கையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பொதுவான அறிவுரை நிறையப் படித்தாகிவிட்டது.

---

மணிச்சட்டம்:

முதலில் அந்தக் கூடையைக் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் பொம்மை மோசம் என்பதால் சொல்லவில்லை. குவியலிலிருந்து 3 வயதுப் பிள்ளையால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கொட்டுவது மட்டும்தான் முடியும், அதைத்தான் செய்கிறார்கள். 

இடக் கணக்கைப் பாருங்கள். 22 பேருக்கு 22 இடம் வைத்தால் ஒருவர் எழுந்ததும் அவருக்குப் போக இடமிருக்காது, சண்டை அங்கேதான் தொடங்கும். 28, 30 இடம் இருக்கட்டும்: கட்டைக்கு 5, வீட்டு விளையாட்டுக்கு 4, மாவு அல்லது மண்ணுக்கு 5, தனித்தட்டு வேலைக்கு (ஒரு ட்ரேயில் ஒரு பிள்ளை தனியாகச் செய்வது) 8, புத்தகத்துக்கு 4, தண்ணீருக்கு 3. மொத்தம் 29. உங்கள் அறை 308 சதுர அடி, தலைக்கு 14. இது நெருக்கடிதான். ஆகவே மேசை நாற்காலியில் முக்கால்வாசியை வெளியேற்றுங்கள். மாவுக்கும் மண்ணுக்கும் ஒரு மேசை போதும். தட்டு வேலைக்கு 60×90 செ.மீ. சின்ன ஜமக்காளம் எட்டு. விரித்தால் அது அந்தப் பிள்ளையின் எல்லை, மற்றவர்கள் சுற்றித்தான் போக வேண்டும். 3 வயதுப் பிள்ளைகள்கூட இந்த ஒரு விதியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பணத்தில் பெரிய பங்கு அலமாரிக்கும் மரக்கட்டைக்கும் போகட்டும். அலமாரியின் உயரம் 75 செ.மீ.க்கு மேல் வேண்டாம். 3 வயதுப் பிள்ளை சராசரியாக 95 செ.மீ. உயரம், மேல் தட்டு கண்ணுக்குக் கீழே இருந்தால்தான் உள்ளதை எட்டிப் பார்த்து இழுக்காமல் எடுப்பார்கள். ஆழம் 30 செ.மீ., முதுகுப் பலகையோடு. சுவரில் எல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஏறத்தான் போகிறார்கள்.

ஒரு தட்டு, ஒரு வேலை. அந்த வேலைக்கு வேண்டிய எல்லாம் அந்தத் தட்டிலேயே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதா, துடைக்கும் ஸ்பாஞ்சும் அங்கேயே. தட்டின் விளிம்பு 2 செ.மீ.யாவது உயர்ந்திருக்கட்டும். மூக்கு வைத்த சின்ன ஜக் ஒன்று, 150 மில்லி பிடிக்கும் டம்ளர் இரண்டு. ஜக்கில் இரண்டு டம்ளருக்கும் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் தண்ணீர். அப்போது வழிந்தால் ஊற்றியதில் தவறு, தண்ணீர் அதிகம் என்று சாக்குச் சொல்ல முடியாது. தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும், டீச்சர் சொல்லக் கூடாது. மரியா மான்டிசோரி 1907இல் ரோமில் முதல் வகுப்பைத் தொடங்கியதிலிருந்து அந்த முறைக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். முறையை முழுதாக ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணுக்கு இதே குணத்தோடு மலிவாக ஒன்று: குச்சிப்பெட்டி. அட்டைப் பெட்டியைப் பத்து அறையாகத் தடுத்து 0 முதல் 9 வரை எழுதுங்கள். சீவாத பென்சில் 45. ஏன் 45 என்றால் 1 முதல் 9 வரை கூட்டினால் அவ்வளவுதான். 0 அறை காலியாகவே நிற்கும், சுழியம் என்றால் என்ன என்பதை அந்தக் காலி அறைதான் சொல்லும். 9க்கு வரும்போது குச்சி போதவில்லை அல்லது மிஞ்சியது என்றால் முன்னால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, பிள்ளையே திரும்பிப் போய்ப் பார்க்கும். ஆனால் ஒரு பென்சில் தொலைந்தாலும் பொருள் பொய் சொல்லத் தொடங்கும். அதனால் தினமும் மாலை டீச்சர் 45 எண்ணிப் பார்த்துவிட வேண்டும். உதிரிக்கு ஐந்தாறு பென்சிலை அலமாரிக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

கிட் பற்றி: மத்தியக் கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரி 20 அன்று 3 முதல் 8 வயதுக்கு 'ஜாதுயி பிட்டாரா' என்ற பெட்டியை வெளியிட்டது. பொம்மை, புதிர், பொம்மலாட்டப் பாவை, சுவரொட்டி, ஃபிளாஷ் கார்டு, கதைப் புத்தகம் என்று வகைகள் உண்டு. அந்த வகைப் பட்டியலை ஒரு சரிபார்ப்புத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொண்டுவரும் கிட்டில் பாதி அட்டையாகத்தான் இருக்கும், அதற்கு 35,000 கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

16 தட்டு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று நான்கை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் திரும்ப முதல் நாள் கலவரம்தான்.

---

இழைப்புளி:

கட்டைய பத்தி மட்டும் சொல்றேன், மத்தது எனக்கு வேலை இல்ல.

கடையில விக்கிற கலர் கலர் கட்டை பார்க்க அழகா இருக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு அளவு ஒத்துப் போகாது. கட்டைல பிள்ளை கத்துக்கிறதே அந்த ஒத்துப்போறதுலதான். கனம், அகலம், நீளம் 1:2:4. அதாவது 3.5 × 7 × 14 செ.மீ. இதுதான் முழுக்கட்டை. இதுல பாதி 7 நீளம், ரெட்டை 28, நாலுமடங்கு 56. தூண் 3.5 × 3.5 × 14. முக்கோணம்னா முழுக்கட்டைய மூலைக்கு மூலை அறுத்தது.

அஞ்சு பேர் ஒரே நேரத்துல கட்டணும்னா: முழு 40, அரை 24, ரெட்டை 16, நாலுமடங்கு 6, தூண் 12, முக்கோணம் 8. மொத்தம் 106. இதுக்குக் குறைஞ்சா அஞ்சாவது ஆளு அடுத்தவன் கோபுரத்துல இருந்துதான் உருவுவான்.

மரம் சுத்தமா 1.5 கன அடிக்குக் கொஞ்சம் உள்ள. சேதாரத்தோட 2 கன அடி எடுங்க. டிம்பர் டிப்போல ஒன்றரை இஞ்ச்சுக்கு மூணு இஞ்ச் சட்டம்னு கேளுங்க. அது 38க்கு 76 மி.மீ., நாலு பக்கமும் இழைச்சா 35க்கு 70 வந்துடும். பதப்படுத்தின ரப்பர் மரம் நல்லாருக்கும், சிம்பு கிளம்பாது. பதப்படுத்தாததை எடுத்தா ஆறு மாசத்துல கட்டைக்கு அடியில பவுடர் மாதிரி மாவு கொட்டும், உளுத்துப் போகுதுன்னு அர்த்தம். பேக்கிங் பெட்டி பைன் மரம் சீப்பா கிடைக்கும்தான், ஆனா அதுல முத்திரை பாருங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டிப் பக்குவம் பண்ணது. எம்.பி.ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடாதீங்க. முத்திரையே இல்லாததையும் விட்டுடுங்க.

இப்ப முக்கியமானது. எல்லா ஆசாரியும் பண்ற தப்பு, அரைக்கட்டை வேணும்னா முழுக்கட்டைய எடுத்து நடுவுல அறுத்துக் குடுத்துடுவாங்க. ரம்பத்தோட வாய் 3 மி.மீ. 140ல 3 போனா மீதி 137, ஆளுக்கு 68.5. ரெண்டு அரை சேர்த்தா முழுசுக்கு 3 மி.மீ. கம்மி. மூணு மாடி கட்டினா மேல வைக்கிற பலகை சாயும், பிள்ளை தன் கைதான் சரியில்லன்னு நினைச்சுக்கும். ஒவ்வொரு அளவையும் நீளச் சட்டத்துல இருந்து தனித்தனியா, நீளம் மாறாம இருக்க மெஷின்ல ஸ்டாப் கட்டை வெச்சு அறுக்கச் சொல்லுங்க. அரை மி.மீ. வித்தியாசம் வரைக்கும் பரவால்ல. முக்கோணத்துல மட்டும் இந்த நஷ்டத்தத் தவிர்க்க முடியாது, மூலைவிட்டத்துல போற ரம்பம் தின்னத்தான் செய்யும். அதுக்கு அரை மி.மீ. கணக்குப் பார்க்காதீங்க.

விளிம்பை 2 மி.மீ. உருட்டி விடணும். உப்புத்தாள் 80, அப்புறம் 120, கடைசியா 220. பெயின்ட் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். கட்டை வழுக்கும். தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் நாலு பங்கு, தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்கித் துணில தொட்டு லேசாத் தேயுங்க. மறுநாள் காஞ்ச துணியால துடைச்சு எடுத்துடுங்க. அதிகமாப் பூசினா பிசுக்குப் பிடிச்சு அழுக்கு ஏறும்.

மொத்தம் கிட்டத்தட்ட 25 கிலோ வரும். அலமாரில அடித்தட்டுதான். ஒவ்வொரு வகைக்கும் அலமாரிப் பலகைல அதோட உருவத்தைக் கறுப்பு ஷீட்ல வெட்டி ஒட்டுங்க, பேர் எழுத வேண்டியதில்ல. தமிழோ கன்னடமோ, உருவம் பார்த்து வைப்பான். நாலுமடங்கு நீளவாக்குல தெரியற மாதிரி வைங்க. மூஞ்சி மட்டும் வெளிய தெரிஞ்சா முழுக்கட்டையும் அதுவும் ஒண்ணாத்தான் தெரியும்.

---

பச்சைமண்:

மாவுக்கும் மண்ணுக்கும் என் பங்கு.

விளையாட்டு மாவு, ஐந்து பிள்ளைகளுக்கு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. வெளிநாட்டுக் குறிப்புகளில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்று வரும், அந்தப் புளிப்பு வேலையை எலுமிச்சை செய்துவிடும். தண்ணீரைச் சூடாக்கி முதலில் உப்பை முழுதாகக் கரையுங்கள். கரையாமல் மாவைக் கொட்டினால் கடைசிவரை நறநறவென்றுதான் இருக்கும். அடி கனமான வாணலியில் எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் 4, 5 நிமிடம் கிளறுங்கள். ஓரம் விட்டு உருண்டு திரளும்போது இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் வேகவில்லை, திரும்ப வாணலிக்கு. உதிர்ந்தால் வெந்தது அதிகம், ஈரக்கையால் பிசைந்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், ஆளுக்கு 200 கிராம். இதற்குக் கீழே கொடுத்தால் விரலால்தான் நோண்டுவார்கள், உள்ளங்கைக்கும் தோளுக்கும் வேலை வராது.

நிறத்துக்கு மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் யூனிபார்மில் பட்டால் போகாது, சோப்புப் போட்டதும் சிவக்கும். அன்றைக்கே அம்மாக்கள் வந்து நிற்பார்கள். பீட்ரூட் இரண்டு நாளில் பழுப்பாகும். சமையல் நிறம் நான்கு சொட்டு போதும்.

உப்பை மாவில் பாதிக்குக் கீழே குறைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பெங்களூரு மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு வியர்க்கும். ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று வாரம், அதற்கு மேல் நாறாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். வகுப்பில் சளியோ தோல் தொற்றோ வந்தால் அன்றே. கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் மைதா மாவு அந்த அறைக்குள்ளேயே வேண்டாம், களிமண் மட்டும் வையுங்கள். கையில் காயம் இருந்தால் உப்பு எரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

களிமண் வேறு ரகம். மாவு சொன்னபடி கேட்கும், மண் எதிர்த்து நிற்கும், அதனால் கைக்கு வேலை அதிகம். உங்கள் பக்கத்திலேயே பாட்டரி டவுன் இருக்கிறது, குயவர்களிடம் அரித்துப் பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்குங்கள். பேக்கெட் மண் வேண்டியதில்லை. 5 பேருக்கு ஆளுக்கு அரை கிலோ, இருப்புக்கு இரண்டரை, ஆக 5 கிலோ. பதம் சப்பாத்தி மாவுக்குக் கொஞ்சம் இறுக்கம். பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் காய்ந்துவிட்டது, விரலோடு ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம்.

மேசை மேல் பிளாஸ்டிக் விரிக்காதீர்கள், மண் அதில் அப்பிக்கொள்ளும். கெட்டித் துணியோ சாக்கோ சரி. பிள்ளைகளிடம் கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் சேறு. ஈர ஸ்பாஞ்ச் ஒன்று நடுவில் போதும்.

மிஞ்சிய மண்ணை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அரைகுறையாகக் காய்ந்த மண்ணைத் தண்ணீரில் போட்டால் கரையாது, மேலே வழுவழு, உள்ளே கல். முழுக்கக் காயவிடுங்கள், சுத்தியால் சின்னச் சின்னதாக உடையுங்கள், பிறகு தண்ணீரில் போட்டால் தானே பொலபொலவென்று உதிர்ந்து கரையும். அசையாமல் ஒரு நாள் விட்டு, மேல் தண்ணீரை இறுத்து, துணி மேல் பரப்பி, பதம் வந்ததும் பிசைந்து எடுத்து வையுங்கள். உடைப்பது பிள்ளைகள் இல்லாத நேரத்தில், வெளியே. தரையில் காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, மூச்சில் போகும். ஈரத்துணியால் துடைப்பதுதான் முறை. கை கழுவும் இடம் வாஷ்பேசின் இல்லை, வாளி. மண் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை வெளியே ஊற்றிவிடலாம். இல்லையென்றால் ஒரே மாதத்தில் பிளம்பர்தான்.

தண்ணீர்: 50×35 செ.மீ. தொட்டியில் 5 செ.மீ. ஆழம், அதற்கு 9 லிட்டருக்குள்தான் பிடிக்கும். புனல் இரண்டு, ஒரே அளவு கப் மூன்று, ஓட்டை போட்ட டப்பா ஒன்று. ஓட்டை மூன்றும் வெவ்வேறு உயரத்தில் இருக்கட்டும், எது தூரமாகப் பீய்ச்சுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒரு ஆசிரியையின் கண் எப்போதும் அங்கே. சில செ.மீ. தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிப்போக முடியும். நேரம் முடிந்ததும் செடிக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நிற்க விட்டால் டெங்கு கொசுவுக்கும் அதுவே வீடு.

---

பெட்டிக்கடை:

இன்னும் யாரும் விதையைப் பற்றிப் பேசவில்லை, அதனால் குறுக்கே வருகிறேன்.

நம் ஆட்களுக்கு எண்ணிக்கை என்றாலே பல்லாங்குழி, பல்லாங்குழி என்றாலே கையில் கிடைத்த விதை. குன்றிமணி வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது. சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்க்க அழகு, உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. கடித்தோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, மாலை கோக்க ஓட்டை போட்ட மணியும் அப்படித்தான். ஆமணக்கு விதையும் அதே வரிசை. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, ஆனால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் வேண்டாம். ராஜ்மாவைப் பச்சையாகத் தின்றால் வாந்தி. கடலை, மொச்சை மூக்கில் போனால் ஈரத்தில் ஊதி எடுக்கவே முடியாது. புளியங்கொட்டை 4 வயதுக்கு மேல், டீச்சர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70.

எது தொண்டையில் சிக்கும் என்பதற்குப் பொம்மைத் தரத்தில் ஒரு உருளை உண்டு, உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் அடங்குவது 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆகாது. உங்கள் பிள்ளைகள் 3 முடித்தவர்கள் என்றாலும் வாயில் வைப்பவர்கள் இருப்பார்கள், ஆகவே டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது சுமார் 4 செ.மீ., இன்னும் கெடுபிடி. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் திறந்த அலமாரிக்கு வரக்கூடாது.

தண்ணீரில் ஊறி ஊதும் ஜெல்லி உருண்டைகளைத் தொட்டியில் கொட்டி விளையாடும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும். சின்னக் காந்த உருண்டை, பட்டன் பேட்டரி இரண்டும் அதே கதி.

வாங்கும் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். கர்நாடகத்துச் சன்னபட்டணா மரப் பொம்மையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு.

---

சிலேட்டுக்குச்சி:

எல்லோருக்கும் நன்றி. கட்டைக் கணக்கை அப்படியே ஆசாரியிடம் காட்டப்போகிறேன். இன்னும் நாலு சந்தேகம். (அ) ஊற்றுவதற்கு அரிசி, ராகி வைக்கலாமா? உணவை மிதிக்கிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் போலிருக்கிறது. (ஆ) சன்னபட்டணா பொம்மையை எப்படிச் சுத்தம் செய்வது? இருந்த இரண்டிலும் நிறம் வழிந்துவிட்டது. (இ) விரலால் தடவிப் பழகும் எழுத்து அட்டையை உப்புத்தாளில் வெட்டலாம் என்கிறார்கள், தமிழ் எழுத்து வளைவில் கிழிகிறது. (ஈ) 'எப்ப எழுத ஆரம்பிப்பாங்க' என்ற கேள்விக்கு என்ன பதில்?

---

மணிச்சட்டம்:

அரிசி: பெற்றோர் பக்கம் நியாயம் இருக்கிறது மேடம். தொட்டி நிறைய அரிசி கொட்டி அளைவதை நானும் ஏற்க மாட்டேன். தரையில் கொட்டும், கால் படும், எறும்பு வரும், வாரத்துக்கு இரண்டு கிலோ குப்பைக்குப் போகும். தட்டில் 100 கிராம் வைத்து ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது வேறு, அது சமையலறையில் அம்மா செய்வதுதான். ராகி வேண்டவே வேண்டாம். தரையில் சிந்தினால் சின்னச் சின்ன உருண்டை பரப்பியது போல வழுக்கும், காதிலும் போகும். தொட்டிக்கு ஆற்று மணல்தான் சரி. கொசுவலையில் சலித்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவையுங்கள். கட்டட வேலைக்கு வரும் எம் சாண்ட் ஆகாது. கல்லை உடைத்தது, மணி கூராக இருக்கும், தூசியும் அதிகம். பக்கத்தில் பிள்ளை உயரத்துக்கு 60 செ.மீ. கைப்பிடியில் ஒரு துடைப்பமும் முறமும் மாட்டுங்கள். சிந்தியதை அவர்களே கூட்டுவது விளையாட்டின் பாதி.

சன்னபட்டணா: நிச்சயம் யாரோ சானிட்டைசர் போட்டிருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு பெயின்ட் இல்லை, அரக்கு. கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டில் உருகிப் படியும், பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அரக்கு சாராயத்தில் கரையும். ஸ்பிரிட், சானிட்டைசர் பட்டால் நிறத்தோடு வழிந்து வரும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணி, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். மரத்தை அங்கே ஆலெ மரம் என்பார்கள். நம் ஆலமரம் அல்ல, வெட்பாலை. லேசான மரம், ஊற வைத்தால் வெடிக்கும். பிளாஸ்டிக் பொருளை மட்டும் ப்ளீச்சில் முக்கலாம்: 5 சதவீத ப்ளீச் 20 மில்லி, தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குங்கள், 10 நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில்.

எழுத்து: உப்புத்தாளில் வெட்டுவது நேர்க்கோடு உள்ள ட, ப, ம வரை சரி. தாளின் பின்பக்கம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், இல்லையென்றால் திருப்பி ஒட்டும்போது எழுத்து இடவலம் மாறிவிடும். அ, இ போன்ற சுழிக்கு வெட்டாதீர்கள். கெட்டி அட்டையில் 10 செ.மீ. உயரத்துக்குப் பென்சிலில் எழுதி, அதன் மேல் பெவிகாலைக் குழாய் மூக்கால் 8 மி.மீ. பட்டையாக இழுத்து, சலித்த மணலைத் தூவி, ஒரு நாள் காயவிட்டுத் தட்டிவிடுங்கள். இரண்டாம் முறை மெல்லிய பெவிகால், மணல். ஒரு கை போட்டால் மாதத்தில் உதிர்ந்துவிடும். கன்னடத்துக்கும் இதே வழிதான், அங்கே வளைவு இன்னும் அதிகம். அட்டை சுருண்டால் காயும்போது ஓரத்தில் பாரம் வைக்கவில்லை என்று பொருள். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவ வேண்டும்.

எழுதுவது எப்போது: பென்சில் பிடிக்க மூன்று விரல் வேண்டும், அந்த மூன்று விரலுக்குத்தான் தட்டு வேலை முழுவதும். துணி கிளிப்பை அழுத்தி டப்பா விளிம்பில் மாட்டுவது, ஐஸ் இடுக்கியால் பஞ்சுருண்டை எடுப்பது, மூடி திருகுவது, 45 செ.மீ. ஷூ லேஸில் பெரிய மணி கோப்பது. லேஸை அதைவிட நீளமாக விடாதீர்கள், கழுத்தில் சுற்றும். இதை வாயால் சொன்னால் பெற்றோர் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு மூலையிலும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு வரி ஒட்டுங்கள். கட்டை மூலையில் 'இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு'. மண் மேசையில் 'பென்சில் பிடிக்கும் விரலுக்குப் பயிற்சி'. அழைத்துப் போக வரும்போது கண்ணில் படும். மேலும் கேட்டால் 2020 தேசியக் கல்விக் கொள்கையையும், அதன்படி 2022இல் வந்த அடித்தள நிலைப் பாடத்திட்டச் சட்டகத்தையும் காட்டுங்கள். 3 முதல் 8 வயதுக்கு விளையாட்டு வழிக் கற்றல் என்று அதிலேயே இருக்கிறது.

விளையாட்டு நேரத்தை அரை மணியாக வைத்துவிடாதீர்கள். முதல் பதினைந்து நிமிடம் தேர்ந்தெடுக்கவும் பரப்பவுமே போகும். ஒரு மணி நேரம், நடுவில் மணி அடிக்காமல்.

---

பச்சைமண்:

வீட்டு விளையாட்டு மூலை விட்டுப்போயிற்று. பிளாஸ்டிக் கிச்சன் செட் வாங்காதீர்கள். பாத்திரக்கடையில் விளையாட்டுச் செப்புச் சாமான் அளவுக்கு மேலே, நிஜமாகவே புழங்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணம் 6, டம்ளர் 4, கரண்டி 4, ஒரு இட்லித் தட்டு. இட்லித் தட்டு முக்கியம். குழிக்கு ஒன்றாக மாவு உருண்டை வைப்பான், ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் தானாக வந்துவிடும். விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள், மலிவுச் சாமானில் மடிப்பு சரியாக இருக்காது.

---

இழைப்புளி:

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பெங்களூர்ல ஆசாரிங்க பாதிப் பேர் இஞ்ச் கணக்குதான். நம்ம ஊர் ஆளா இருந்தா நூல்னு சொல்லுவார், வடநாட்டு ஆளா இருந்தா சூத்னு சொல்லுவார், ரெண்டும் இஞ்ச்சுல எட்டுல ஒண்ணுதான். 3.5 செ.மீ.ன்னா 1 இஞ்ச் 3 நூல், 7ன்னா 2 இஞ்ச் 6 நூல், 14ன்னா 5 இஞ்ச் 4 நூல். சில கட்டை செ.மீ.ல, சில கட்டை இஞ்ச்சுல அளந்தா நாலுமடங்குக் கட்டைல வித்தியாசம் தெரியும். எதாவது ஒண்ணு மட்டும் பேப்பர்ல எழுதிக் குடுங்க. முதல்ல ஒரு முழு, ரெண்டு அரை, ஒரு ரெட்டை மட்டும் அறுக்கச் சொல்லி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. சரியா இருந்தா மீதி 102ஐ அறுக்கச் சொல்லுங்க.